6,500 ரூபாய்த் தேனும் ராத்திரி இருமலும்

கால் கிலோ தேனுக்கு 6,500 ரூபாய் கொடுத்தேன் என்று எங்கள் பழைய வண்ணாரப்பேட்டைத் தெருவில் சொன்னால் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அதனால் இவ்வளவு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி செல்போனை நீட்டி, "அக்கா, இந்த மனுகா தேன் அல்சருக்கு நல்லதாமே, எங்கப்பாவுக்கு வாங்கலாமா?" என்று கேட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முழுக்க அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு அந்த நேரத்தில் இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை; ஏறினால் மாதக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது, சிக்னல் கிடைக்கும்போது கிடைக்கிற போன்தான். வீட்டில் நானும், பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அம்மாவும் மட்டும்.

ஐப்பசி மழையில் ஊரெல்லாம் காய்ச்சல், எனக்கும் வந்தது. காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை. பகலில் பரவாயில்லை. ராத்திரி படுத்ததும் தொண்டைக்குக் கீழே எங்கோ குறுகுறுவென்று தொடங்கும். எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் அடங்கும். சளி கிடையாது, வறட்டு இருமல். பாரிமுனையில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். பஸ்ஸில் நான் தொடர்ந்து இருமினால் பக்கத்துச் சீட்டில் இருப்பவர் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொரோனாவுக்கு அப்புறம் இருமுகிறவரை ஊர் பார்க்கிற பார்வையே வேறு. அம்மா கற்பூரவல்லிச் சாறு கொடுத்தாள், தூதுவளை ரசம் வைத்தாள். தெருமுனை கிளினிக்கில் சிரப்பும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். எதற்கும் அசையவில்லை.

அப்போதுதான் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கும் என் சித்தி மகள் வீடியோ காலில் நான் இருமுவதைப் பார்த்துவிட்டு மனுகா தேனைப் பற்றிச் சொன்னாள். அங்கே தொண்டை வலி என்றால் அதைத்தான் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொள்வார்களாம். நல்ல மனதோடு சொன்னாள், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை ஒரே ஒரு முறை போனில் தேடினேன்; அதற்கப்புறம் போனைத் திறந்தால் தேன், மூடினால் தேன். ஒரு விற்பனைப் பக்கத்தில் வயிற்றுப்புண் ஆறும், எதிர்ப்பு சக்தி கூடும், புற்றுநோய்க்கே நல்லது என்று போட்டிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் "சர்க்கரை நோயாளிகளும் பயமின்றி உண்ணலாம்" என்று ஒரு வரி. பணத்தை எடுக்க வைத்தது அந்த வரிதான். இருமல் எனக்கு, சர்க்கரை அம்மாவுக்கு, ஒரே பாட்டிலில் இரண்டுக்கும் வழி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

பாட்டில் வந்தது. உள்ளே அடர்ந்த பழுப்பு நிறம். நம் ஊர்த் தேன் போல ஒழுகவில்லை. ஸ்பூனைக் குத்தினால் அப்படியே நிற்கிறது, கிளறினால் இளகுகிறது, விட்டால் மறுபடி இறுகுகிறது. அந்தத் தேனின் இயல்பே அதுதான், கலப்படம் இல்லை என்று பிறகு தெரிந்தது. நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னாலேயே ஒரு கசப்பு, கூடவே மருந்து வாசனை. உண்மையைச் சொல்ல வேண்டும்: சாப்பிட்டதும் தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது. படுத்து ஒரு மணி நேரம் போல இருமல் வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் மேற்கொண்டு பணம் போட்டேன். வேறொரு ஆன்லைன் கடையில் அரைக் கிலோ பாட்டில் இரண்டு சேர்ந்து 11,000 ரூபாய்க்குச் சலுகையில் போட்டிருந்தார்கள். அங்கேயும் அதே சர்க்கரை நோயாளி வரி. லேபிளில் "ஆக்டிவ் 15+". முதல் பாட்டிலிலும் 15+ என்றுதான் இருந்தது, அதனால் ஒரே சரக்கு என்று எடுத்துக்கொண்டேன். ஆக மொத்தம் தேனுக்கு மட்டும் 17,500 ரூபாய். வீட்டு வாடகையை விட அதிகம்.

அந்தத் தேனைப் பற்றி நான் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளிலும் வளரும் மனுகா என்ற புதர்ச் செடியின் பூவிலிருந்து தேனீக்கள் எடுக்கும் தேன் இது. எல்லாத் தேனுக்குமே கிருமியைத் தடுக்கும் குணம் கொஞ்சம் உண்டு: தண்ணீர் குறைவு, புளிப்புத்தன்மை, போதாததற்குத் தேனில் இருக்கும் ஒரு நொதியால் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு. அந்தப் பெராக்சைடை நீக்கிய பிறகும் மனுகா தேன் கிருமியைக் கொல்கிறது என்று 1980-களில் வைகாட்டோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மோலன் காட்டினார். அதற்குக் காரணம் மெத்தில்கிளையாக்சால் என்ற பொருள் என்று 2008-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். எம்.ஜி.ஓ. என்று பாட்டிலில் போடுவது இதைத்தான். இதுவரைக்கும் எல்லாம் உண்மை. விற்கிறவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சோதனைகள் நடந்தது ஆய்வகத் தட்டில், கிருமி மேல் நேரடியாகத் தேன் பட்டபோது. வாய் வழியாகச் சாப்பிட்டால் மெத்தில்கிளையாக்சால் செரிமானத்தின்போதே வேகமாகச் சிதைந்துவிடுகிறது என்பதையும் அதே டிரெஸ்டன் குழுதான் பிற்பாடு சொன்னது. மனுகா தேன் மருந்தாக ஓரளவு நிரூபணமான இடம் காயம்தான். அதுவும் கதிர்வீச்சில் கிருமி நீக்கி, கட்டுப் போடும் துணியோடு வரும் மருத்துவத் தேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007-இல் அனுமதித்தது அந்த மாதிரியைத்தான். சமையல்கட்டில் நான் ஸ்பூனால் வழித்த பாட்டிலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு லேபிள் விஷயம். யு.எம்.எஃப். என்பது நியூசிலாந்தின் யு.எம்.எஃப். தேன் சங்கத்தின் பதிவு முத்திரை. போட வேண்டுமானால் உரிம எண் வேண்டும், அதையும் பாட்டிலில் அச்சிட்டிருப்பார்கள், சங்கத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். யு.எம்.எஃப். 10+ என்றால் கிலோவுக்கு எம்.ஜி.ஓ. குறைந்தது 263 மில்லிகிராம், 15+ என்றால் 514, 20+ என்றால் 829. எம்.ஜி.ஓ. 100 என்று பார்த்துவிட்டு, 15-ஐ விட 100 பெரிது என்று அதிக விலை கொடுக்கிறவர்கள் உண்டு. கணக்குப்படி அது யு.எம்.எஃப். 10-ஐக்கூட எட்டாது. "ஆக்டிவ்", "பயோ ஆக்டிவ்" என்று போட்டுப் பக்கத்தில் எழுதும் எண்ணுக்கு இந்த மாதிரிப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது, எந்தத் தேனுக்கும் எழுதிக்கொள்ளலாம். நியூசிலாந்து அரசே 2018-இல், நான்கு வேதிப்பொருளும் ஒரு மரபணுச் சோதனையும் தேறினால்தான் மனுகா என்று சொல்லி ஏற்றுமதி செய்யலாம் என்று விதி கொண்டுவந்தது. அந்த அளவுக்குப் போலி. எந்த இறக்குமதி உணவாக இருந்தாலும் இந்திய இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் மூன்றும் ஒட்டியிருக்க வேண்டும். நான் வாங்கிய அரைக் கிலோ பாட்டில்களில் முகவரியே இல்லை. தினமும் கப்பல் சரக்குக் காகிதம் பார்க்கிற என் கண்ணுக்கே அது முதலில் படவில்லை, இருமல் அந்தப் பாடு படுத்தியது.

மார்கழி பிறந்துவிட்டது, இருமல் அப்படியே இருந்தது. எங்கள் பகுதி மாநகராட்சி சுகாதார நிலையத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போனேன். வரிசையில் நின்று இருமிக்கொண்டிருந்தவளை நர்ஸம்மா தனியாகக் கூப்பிட்டார். "எத்தினி நாளா இருமுது?" என்று கேட்டார். சொன்னேன். "ரெண்டு வாரம் தாண்டுனாலே சளி டெஸ்ட் எடுக்கணும்மா, இன்னா பண்ணிட்டிருந்த இவ்ளோ நாளு?" என்றார். தேன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் சுகர் பேஷன்ட் இருக்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று அவர் விளக்கியபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. நானும் அம்மாவும் ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே தூங்குகிறவர்கள்.

சளி டப்பாவை வாங்கிக்கொண்டு வந்த அந்த ராத்திரியை மறக்க முடியாது. டி.பி. என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இன்னமும் பயம் அதிகம், ஓட்டேரி டி.பி. ஆஸ்பத்திரிக்குப் போன ஆளைப் பற்றித் தெருவில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அம்மாவைக் கூடத்தில் படுக்கச் சொல்லிவிட்டு நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏன் என்று அவள் கேட்டாள், தூக்கம் கெடுகிறது என்று சொன்னேன். வீட்டுக்காரருக்கு அனுப்பிய வாட்ஸப்பில் ஒரே ஒரு டிக், கப்பல் நடுக்கடலில். அழுதேன் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. அழுதால் இருமல் வரும், இருமினால் அம்மாவுக்குக் கேட்கும், அதனால் வாயைத் தலையணையில் அழுத்திக்கொண்டு அழுதேன்.

ரிசல்ட்டில் காசநோய் இல்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். அங்கிருந்து அரசு மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். குழாயில் மூச்சை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது ஆஸ்துமாவில் ஒரு வகை என்றார் டாக்டர். இழுப்பு இல்லாமல் இருமல் மட்டும் வருகிற ஆஸ்துமாவாம். காய்ச்சலுக்கு அப்புறம் கிளம்பியிருக்கிறது, ராத்திரியில் கூடுவது அதன் குணம். இன்ஹேலர் கொடுத்தார்கள், இழுத்த பிறகு வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். வாரம் திரும்புவதற்குள் இருமல் பாதியானது, பொங்கலுக்குள் படுத்துத் தூங்க ஆரம்பித்தேன். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, மூச்சுப் பரிசோதனை, இன்ஹேலர் எல்லாம் சேர்த்து எனக்குச் செலவு ஆட்டோக் காசு மட்டும்.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது இதுதான். சளிக் காய்ச்சலோடு வரும் இருமலுக்குத் தேன் நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வழக்கமாகக் கொடுக்கும் சிகிச்சையை விடத் தேன் இருமலை நன்றாகத் தணிக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனமும் தொண்டைக்கு இதமானது என்று ஏற்றுக்கொண்டது. அதற்கு எந்தத் தேனும் போதும். வழவழவென்று தொண்டையில் படிவதுதான் வேலை, அதற்கு நியூசிலாந்துவரை போக வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வாரம் தாண்டிய இருமலை எந்தத் தேனிடமும் விடக்கூடாது. ராத்திரி வியர்வை, எடை குறைவு, சளியில் ரத்தம் இருந்தால் இரண்டு வாரம்கூட வேண்டாம். பரிசோதனை அரசு சுகாதார நிலையங்களில் இலவசம்.

அடுத்தது அம்மா. விலை உயர்ந்த மருந்து என்று நினைத்துக் காலையில் ஒரு மேசைக்கரண்டி, இரவில் ஒன்று என்று வெந்நீரில் கலந்து குடித்தாள். அப்படி ஒரு கரண்டியில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருக்கிறது, மனுகாவானாலும் சரி, மலைத்தேனானாலும் சரி. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். வீட்டில் குளுக்கோமீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது. பொங்கல் பலகாரம் என்று பார்த்தேன், கவலையால் இருக்கும் என்று பார்த்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.4-இல் இருந்து 8.5-க்குப் போயிருந்தது. டாக்டர் துருவிக் கேட்டபோதுதான் வெளியே வந்தது: அந்த விளம்பரத்தை நான் உரக்கப் படித்துக் காட்டியிருந்தேன் அல்லவா, அதை நம்பி இரவு மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டு வந்திருக்கிறாள். "அதான் மருந்துத் தேன் குடிக்கிறேனே, எதுக்கு இன்னொரு மருந்து?" என்றாள். டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அம்மா, அந்தத் தேன்ல இருக்கிற மெத்தில்கிளையாக்சால் சுகர்காரங்க ரத்தத்துல ஏற்கெனவே மத்தவங்களை விட அதிகமா இருக்கிற சாமான். அதை வேற காசு குடுத்து வாங்கணுமா?" என்று மட்டும் கேட்டார். அம்மாவுக்கு வேதியியல் புரிந்திருக்காது, காசு என்பது புரிந்தது.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் தேன் விஷயத்தில் கேட்க வேண்டியது, எத்தனை ஸ்பூன் சாப்பிடுகிறார் என்பது மட்டுமில்லை. தேனை நம்பி எதை விட்டிருக்கிறார் என்பதும்தான். மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். பெரியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

அம்மாவின் எண்களைப் பார்த்த அன்று எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. திறக்காத அரைக் கிலோ பாட்டில் ஒன்று மீதி இருந்தது. விற்றவர்களுக்கு மெசேஜ் அனுப்பினேன். முதலில் "டியர் கஸ்டமர்" என்று பதில் வந்தது, பிறகு பதிலே வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். கையில் வைத்திருக்க வேண்டியவை: பில், பணம் போன ரசீது, லேபிளின் எல்லாப் பக்கத்துப் படம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட். கடைசியில் சொன்னதுதான் எனக்குக் கை கொடுத்தது, ஏனென்றால் புகாருக்கு அப்புறம் அந்த வரியை அவர்கள் பக்கத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 விளம்பர விதிகள் அனுமதிப்பதில்லை. சர்க்கரை நோய், புற்றுநோய் தீரும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதற்கு 1954-ஆம் வருடச் சட்டமே தடை போட்டிருக்கிறது. இதையெல்லாம் புகாரில் எழுதினேன். சில வாரம் இழுத்தடித்து, சீல் உடைக்காத பாட்டிலுக்கு மட்டும் 5,500 ரூபாய் திரும்பி வந்தது. மீதி 12,000 போனது போனதுதான். வாங்கிய உணவை நாமே கட்டணம் கட்டிச் சோதனைக்குக் கொடுக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. எனக்கு அதற்குமேல் அலைய உடம்பில் தெம்பில்லை.

சரி, அப்போது எந்தத் தேன் வாங்குவது? இன்ஹேலருக்கு அப்புறம் தேன் மேல் எனக்கு வெறுப்பு வரவில்லை, ஆராய்ச்சிப் புத்திதான் வந்தது. எங்கள் தெருவில் அவ்வப்போது அலுமினியக் குண்டானைத் தலையில் சுமந்து தேன் விற்க வருவார்கள். மேலே ஒரு துண்டு தேனடை, அதில் ஒட்டிய இரண்டு செத்த தேனீ, கீழே பொன்னிறத்தில் திரவம். கூட்டைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிடும். ஒரு நாள் வாங்காமல் சும்மா பக்கத்தில் நின்று பார்த்தேன். கரண்டியைப் போட்டு எடுக்கும்போதெல்லாம் அடை மட்டும் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போகிறது. அதை யாரும் பிழியவில்லை, அதிலிருந்து எதுவும் சொட்டவும் இல்லை. முகர்ந்தால் காய்ச்சிய வெல்லப்பாகு. கிலோ 800 சொல்லி 300-க்கு இறங்கினார். மலையேறி எடுத்த தேன் அப்படி இறங்காது.

மண்ணடிப் பக்கம் போனால் பேரீச்சம்பழக் கடைகளில் ஏமன் நாட்டுச் சித்ர் தேன் கண்ணாடிப் பாட்டிலில் இருக்கும். கிலோ ஆயிரங்களில். அது இலந்தை வகை மரத்தின் பூவிலிருந்து வருவது, நம் ஊர் இலந்தைக்குப் பங்காளி. வாசனை அருமை, மறுக்க மாட்டேன். ருசிக்காக வாங்குகிறவர் வாங்கட்டும். நோய்க்கு என்று வாங்கினால் மனுகா கதைதான்.

எனக்குத் தெளிவு கிடைத்தது ராசப்பச் செட்டித் தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில். அங்கே அதிமதுரம் வாங்கப் போனவள் பேச்சுவாக்கில் என் 17,500 கதையைச் சொல்லிவிட்டேன். கடைக்காரப் பெரியவர் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "சூரணத்தக் குழைக்கத்தாம்மா தேனு. அது வண்டி, ஏறிப் போற ஆளு சூரணம். வெறும் வண்டிய ஓட்டுனா ஊரு போய்ச் சேருமா?" என்றார். சித்த மருத்துவத்தில் தேன் பெரும்பாலும் அனுபானம்தான், மருந்தோடு கூடப் போவது. அந்தத் தெருவில் தேனும் கிடைக்கும். நான் போனபோது பெட்டித்தேன் கிலோ 500 ரூபாயை ஒட்டி, மலைத்தேன் 700, 800. கொசுத்தேன் மட்டும் விலை அதிகம், ஏனென்றால் அந்தச் சின்னத் தேனீ ஒரு கூட்டில் சேர்ப்பதே கொஞ்சம்தான். பெட்டித்தேன் என்றால் மட்டம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது, அப்படி ஒன்றுமில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம் தலைமுறையாகப் பெட்டி வைத்துப் பிழைக்கிறார்கள். அங்கே ரப்பர் தோட்டங்களில் வரும் தேன் பூவிலிருந்துகூட இல்லை, இலைக் காம்பில் கசியும் இனிப்பிலிருந்து எடுப்பது. நான் இப்போது காதிக் கடையில் அக்மார்க் முத்திரை போட்டது வாங்குகிறேன், இல்லையென்றால் மார்த்தாண்டத்தில் பெட்டி வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து பார்சலில். சீசன் கேட்டு, எடுத்த மாதம் கேட்டு வாங்குகிறேன். யார் எடுத்தது என்று பெயர் சொல்லக்கூடிய தேன் என்றால் எனக்குப் பாதிக் கவலை போய்விடுகிறது.

வீட்டுச் சோதனைகளை நம்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். தண்ணீரில் விட்டால் நல்ல தேன் அடியில் போய் உட்காரும் என்பார்கள். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அப்படியே உட்கார்ந்தது. செய்தித்தாளில் ஊறக்கூடாது என்பார்கள். எது கெட்டியோ அது ஊறவில்லை, அவ்வளவுதான். எறும்பு மொய்க்காது என்பார்கள். 6,500 ரூபாய்த் தேனில்தான் எங்கள் வீட்டு எறும்பு முதலில் ஏறியது. நாய் நக்காது என்பதைச் சோதிக்கத் தெரு நாய் ஒன்றைத் தேடிப் போன என்னை அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்து, ஜெர்மனி ஆய்வகத்தில் தேனின் மூலக்கூறுகளையே பார்க்கும் என்.எம்.ஆர். சோதனை உட்பட எல்லாவற்றிலும் தேறியவை 3 மட்டுமே என்று அறிவித்தது. நிறுவனங்கள் அதை மறுத்தன. அந்த அளவு இயந்திரத்துக்கே டிமிக்கி கொடுக்கிற மாதிரி அரிசியிலிருந்து பாகு தயாரிக்கிறார்கள் என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம். டம்ளர் தண்ணீரில் அதைக் கண்டுபிடிக்க நம்மால் ஆகாது.

கண்ணுக்குத் தெரிகிற சில விஷயங்கள் உண்டு. நுரை கட்டி, மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று வந்து, புளித்த வாசனை அடித்தால் அதில் தண்ணீர் அதிகம். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி. அடியில் சர்க்கரை போல உறைந்திருந்தால் பயந்து தூக்கிப் போட வேண்டாம், குளுக்கோஸ் அதிகமுள்ள நல்ல தேனும் உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்தால் இளகிவிடும். அடுப்பில் நேராக வைத்துக் கொதிக்க விடாதீர்கள்.

காயத்துக்குத் தேன் தடவலாமா என்று அந்த அலுவலகப் பெண்ணும் கேட்டாள். அம்மா காலில் சின்னதாக ஒரு கொப்புளம் வந்தபோது அந்த ஆசை எனக்கும் வந்தது. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் சமையல்கட்டுத் தேனைத் தொடவே விடாதீர்கள், அது கிருமி நீக்காதது. நேராக ஆஸ்பத்திரி. மருத்துவத் தேன் கட்டு தேவையா என்பதை அவர்கள் சொல்லட்டும். அவளுடைய அப்பாவின் அல்சருக்கும் இதையே சொன்னேன்: வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான கிருமிக்குப் பரிசோதனை இருக்கிறது, முழுக் கோர்ஸ் மாத்திரை இருக்கிறது. தேன் வாங்கும் பணத்தில் இரண்டும் முடிந்து மீதி வரும்.

இன்னும் ஒன்று. மாடி வீட்டில் பேரன் பிறந்து தாயும் பிள்ளையும் வந்திருந்தார்கள். பாட்டி சேனை தொட்டு வைக்க என்னிடம் வந்து, "உன்கிட்ட நல்ல தேன் இருக்காமே, ஒரு சொட்டு குடும்மா" என்று கிண்ணத்தை நீட்டினார். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனை நாக்கில் காட்டக்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் பெரியவர்கள் வயிற்றில் ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, உடம்பைத் துவள வைத்து, மூச்சையே நிறுத்திவிடலாம். கலப்படம் இல்லாத சுத்தமான தேனுக்கும் இது பொருந்தும், காய்ச்சினாலும் வித்து சாகாது. பாட்டிக்குக் கோபம். "என் நாலு புள்ளைங்களுக்கும் நான்தான் வச்சேன், எல்லாம் குத்துக்கல்லாட்டம் இருக்குதுங்க" என்றார். மருமகளைக் கூப்பிட்டு அவர் முன்னாலேயே விஷயத்தைச் சொன்னேன். அவள் கிண்ணத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். பாட்டி அதற்கப்புறம் ரொம்ப நாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில்கூட என்னோடு பேசவில்லை.